மெத்தைப் பரீட்சை

கேள்வி: மெத்தையின் சுகத்தையும் உறுதியையும் கடையிலேயே பரீட்சிப்பது எப்படி?

பதில்: விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் "பேஷ்!" என்று பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள், விரலை மட்டும் உறங்கவைத்துத் தாம் விழித்திருக்கும் உத்தேசம் உடையவர்களாயின் எனக்கு ஆக்ஷேபமில்லை; மற்றவர்கள் லஜ்ஜையை விட்டு, கடைக்காரர் முகத்தைப் பாராமல், கால்மணி நேரமாவது படுத்துப் பார்க்கவேண்டும். மல்லாந்த நிலையில் இடுப்புக்கடியில் உள்ளங்கை தாராளமாகப் புகுந்து வெளிவந்தால் மெத்தை கடினம். புகவே இயலாவிடில் அதிமிருது. ஆயுள் வேறு விஷயம்: நுரை மெத்தையாயின், கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்னும் அடர்த்தி குறையக் குறையச் சீக்கிரம் குழி விழும். இலவம்பஞ்சோ கட்டிதட்டினாலும், வெயிலில் உலர்த்தி அடித்தால் புனர்ஜன்மம் எடுக்கும். ஆனால் பழம்பஞ்சைத் திணித்து விற்போரும் உண்டாகையால், ஓரத் தையலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் தலையணைகூட வாங்காதீர்கள்.