சம்பளப் பட்டியல் சிந்தனையாளர்

கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொடுத்தே தீருவது என்று மனப்பூர்வமாகத் தீர்மானித்துவிட்ட சம்பளத்தை எந்த மார்க்கத்தில் கொடுப்பது என்று விசாரம் செய்து செய்தே உடல் இளைத்துப் போகிற ஜாதி ஒன்றும் உண்டு. அந்த ஜாதியின் உத்தமமான மாதிரியைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் கோலாலம்பூரில் பங்சார் பாருவுக்கு வந்து, தெலாவிச் சாலைகளில் புதிதாகத் திறந்த ஏதாவதொரு காப்பிக் கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொள்ளாமல் மேஜையில் வைத்து, அதற்கு எதிரே நெற்றியில் கைவைத்து அமர்ந்திருக்கும் பிரகிருதி எவரோ அவரே நம் கதாநாயகர்.

அவர் பூர்வாசிரமத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் உத்தியோகஸ்தர். இருபது வருஷ காலம் மாதந்தோறும் சம்பளம் அவருடைய வங்கிக் கணக்கில் மழைபோலத் தானாக விழுந்தது. அது யாருடைய கை பட்டு வருகிறது, வழியில் எங்கெங்கே என்னென்ன பிடித்தம் ஆகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டவரல்லர். இப்பொழுது தாமே வேலையை விட்டுத் தாமே முதலாளியானபின், காப்பி போடும் தம்பி ஒருவன், கல்லாவில் ஒரு பெண், சமையற்கட்டில் ஓர் அக்கா என்று மூன்று ஜீவன்களுக்குப் படியளக்கும் பொறுப்பு தம் தலையில் இறங்கியிருப்பதைக் கண்டு அவருக்கு உண்டான பிரமிப்பு இன்னும் நீங்கவில்லை. கடைக்கு இடம் பிடித்ததும், வாடகை பேசியதும், ஒரு சிறிய மோட்டார் வண்டியின் விலையுள்ள காப்பி இயந்திரத்தை வாங்கியதும் ஒரே வாரத்தில் முடிந்த காரியங்கள். சம்பளக் கணக்கை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் முடியாத காரியம்.

யோசனை கேட்பதில் அவருக்கு ஈடு எவருமில்லை. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் மளிகை வைத்திருக்கும் நண்பர், நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, “இதுல எழுதாத சம்பளம் எந்தக் கணினியில ஏறப் போகுது?” என்று கேட்டார். கிள்ளானிலிருந்து மாமா ஒருவர், தம் மகன் செய்து கொடுத்த எக்செல் தாளைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பி, அதில் மஞ்சள் நிறமுள்ள கட்டங்களை மட்டும் தொடக் கூடாது என்று எச்சரிக்கையும் செய்தார். தலைக்கு இத்தனை வெள்ளி என்று மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் கணக்காளர் ஒருவர், “நீங்க நிம்மதியாத் தூங்கலாம் பாஸ்” என்றார். நம்மவருக்கு அன்றிரவு முழுவதும் தூக்கமில்லை. அவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிந்துவிடக் கூடுமா என்ற சந்தேகமே காரணம்.

பிறகு மென்பொருள் விற்பனையாளர்களின் படையெடுப்பு. அவர்கள் திரையில் காட்டிய லோகமே வேறு. கைரேகை வைத்து வருகையைப் பதிவு செய்யலாமாம். கடைச் சாவி அக்காவிடம் இருக்கிறபடியால், தினமும் தாமதமாக வருகிறவர் என்று அந்த இயந்திரம் முதன்முதலில் காட்டிக் கொடுக்கப் போவது முதலாளியைத்தான். விடுப்பு கேட்டால் மேலாளர், துறைத் தலைவர், நிர்வாக இயக்குநர் என்று மூன்று படிகளில் அங்கீகாரம் நடக்குமாம். மூன்று படிகளிலும் வீற்றிருப்பவர் அவர் ஒருவரே ஆகையால், தாம் சிபாரிசு செய்த விண்ணப்பத்தைத் தாமே நிராகரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிசிபி என்று சொல்லப்படும் மாதாந்தர வருமான வரிப் பிடித்தத்தை அந்த மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் கணித்துவிடும் என்பதைக் கேட்டு அவர் மெய்சிலிர்த்துப் போனார். அவருடைய மூன்று ஊழியர்களின் சம்பளத்துக்கும் அந்தப் பிடித்தம் பூஜ்யம் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இங்கே கொஞ்சம் பழங்கதை பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியர்களின் பெயரைத் தாங்கிய தோட்டம். அத்தகைய தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆஜர் வரிசைக்கு வந்து நிற்கும் நூற்றுக்கணக்கான ஆண் பெண்களின் பெயர்களைக் கிராணி என்னும் தோட்டத்துக் குமாஸ்தா ஒருவர் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் குறித்து, முழுநாள் அரைநாள் பிரித்து, அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்து, மிச்சத்தை மாத முடிவில் காசாக எண்ணிக் கொடுத்தார். அவருக்கு இருந்த மென்பொருள் ஒரு பேனாவும் ஒரு மைக்கூடும்தான். கிராணியைப் புகழ்வது என் நோக்கமன்று. அந்தப் பேனா தவறி விழுந்த இடங்களில் அடுப்பு எரியாத குடும்பங்கள் உண்டு. என்ன கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று வாய்திறந்து கேட்கத் தெரியாத ஜனங்கள் அவர்கள். அந்தக் கேள்வியைத் தொழிலாளிக்காகக் கேட்பதற்கென்றே பிற்பாடு சட்டங்கள் வந்தன. 1951இல் இபிஎஃப் என்ற சேமநிதி, 1955இல் வேலைச் சட்டம், 1969இல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான சட்டம், நேற்றுப் பிறந்த பிள்ளையாக 2018 முதல் வேலைக் காப்புறுதி. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம். அதில் வந்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று காட்டும் ஒரு துண்டுச் சீட்டு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சந்தாக்கள். மூன்று பேர் வேலை செய்யும் கடையில் சம்பளப் பட்டியல் என்ற மகா சாஸ்திரத்தின் சாரம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

கல்லாவில் இருக்கும் பெண்ணின் சம்பளம் 1,800 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700க்கு நூறு மேல் என்பதில் முதலாளிக்கு நியாயமான பெருமை உண்டு. அவளுடைய பங்காக நூற்றுக்கு 11 வீதம் 198 வெள்ளி, முதலாளியின் பங்காக 13 வீதம் 234 வெள்ளி, இரண்டும் சேமநிதிக்கு. சொக்சோவுக்கு உரியதை அதன் அட்டவணையே சொல்லிவிடும். வேலைக் காப்புறுதிக்கு இருவர் பக்கமும் 0.2 வீதம். இதே கணக்கை இன்னும் இரண்டு முறை போட்டு, அந்தந்த வாரியங்களின் இணையத்தளத்தில் ஏற்றிவிட்டு எழுந்தால் போட்டு வைத்த காப்பி ஆறியிருக்காது. ஊழியர்கள் பத்துப் பேராகிவிட்டால் மனிதவளத் தீர்வை என்ற புதிய விருந்தாளியும் வந்து சேருவார். வேலைநேரம் மாறி மாறி வந்து, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, பொது விடுமுறையின் மிகைநேரத்துக்கு மும்மடங்கு என்று பெருக்கல் கணக்கும் தடித்துவிடும். அன்றைக்குக் கணக்காளரையோ மென்பொருளையோ தேடிப் போவதில் அர்த்தம் உண்டு. மூன்று பேருக்கு நீல நோட்டே ராஜபோகம்.

நம் சிந்தனையாளரோ வெவ்வேறு மென்பொருள்களை ஒப்பிட்டு ஒரு பிரம்மாண்டமான அட்டவணை தயாரித்திருக்கிறார். அந்த அட்டவணையைத் தயாரிப்பதற்கு அவர் காட்டிய சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு வருஷத்துச் சம்பளக் கணக்கை முடித்துவிடலாம். நிறம் நிறமான கட்டங்களில் நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான், ஒருநாள், அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைத்தொலைபேசியை நீட்டினாள்.

“பாஸ், போன மாசத்து இபிஎஃப் இன்னும் ஏறலையே?”

“சிஸ்டம் முடிவு பண்ணிக்கிட்டு இருக்கேன் அக்கா. எல்லாம் ஒரே தடவையா, ஒழுங்காச் செஞ்சிடலாம்.”

“சிஸ்டத்த நீங்க மெதுவா வாங்குங்க பாஸ். காசை மட்டும் பதினஞ்சுக்குள்ள கட்டிடுங்க.”

தாமதமான சந்தாவுக்கு ஈவுத்தொகையும் தாமதக் கட்டணமும் முதலாளியின் பையிலிருந்தே போக வேண்டும் என்ற சட்டம் அக்காவுக்குத் தெரியுமோ தெரியாதோ. எந்தப் பணம் எந்தத் தேதியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவளைப் போன்றவர்கள் பிடித்தம் செய்யப்பட்ட காசு போன இடத்தைக் கைத்தொலைபேசியில் தாங்களே பார்த்துக்கொள்ள முடிகிற காலம் வந்ததுதான் இந்தத் துறையில் நடந்த உண்மையான முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். முதலாளி அன்று மாலையே, தர்மசங்கடமான முகத்துடன், மாமாவின் எக்செல் தாளைத் திறந்து மூன்று பேருடைய கணக்கையும் போட்டு முடித்தார். மஞ்சள் கட்டம் ஒன்றைத் தொட்டும் விட்டார்; ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அட்டவணையை அவர் அழிக்கவில்லை. ஆகையால் பங்சார்ப் பக்கம் போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தக் கடைக்கு அவசியம் போங்கள். காப்பி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எந்த மென்பொருள் சிறந்தது என்ற பேச்சை மட்டும் அவரிடம் எடுத்துவிடாதீர்கள். அக்காவின் சேமநிதி மறுபடியும் தாமதமாகிவிடும்.