உள்ளே வெச்சா கெடாது

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வு பெற்றவர், கணக்குப் பிரிவில் இருந்தவராக இருந்தால் நோய் இன்னும் முற்றியிருக்கும். வீட்டுக்கு எது வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஃபிரிட்ஜுல எந்தத் தட்டு?"

எல்லாம் இன்சுலினில் ஆரம்பித்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொன்னார் டாக்டர். இவர் அதை வீட்டின் சகல சாமான்களுக்கும் பொருந்தும் அரசாணையாக்கிவிட்டார். இன்று முட்டைக் குழிகளில் பொத்தான் செல்கள் அடைகாக்கின்றன. காய்கறி டிராயரில் மெழுகுவத்தி. ஃப்ரீசரில் மருமகளின் மருதாணிக் கோன். பட்டர்ஸ்காட்ச் டப்பாவைப் பேரன் ஆசையோடு திறந்தால் உள்ளே புடலை விதை. (ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீமையே எதிர்பார்த்தது பேரனின் அனுபவக் குறைவு.)

முழுக்கத் தப்பாக இருந்தால் சண்டையாவது போடலாம். மனிதர் அவ்வப்போது சரியாக இருந்து தொலைக்கிறார். காய்ந்த விதைக்குக் குளிர் நல்லது. மருதாணிக் கோன் ஃப்ரீசரில்தான் நிறம் காக்கும். பிரிக்காத சூப்பர் க்ளூவும் அங்கே நாள் தாங்கும். ஃபிலிம் ரோலைக்கூடக் குளிரில் வைப்பதுதான் முறை. கேமரா எடைக்குப் போய்விட்டது என்பதை அவரிடம் யார் சொல்வது?

இந்த நாலு வெற்றிகளை வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஆள்கிறார். தேன் உள்ளே போய் உறைந்து, கரண்டியை வளைக்கிறது. "சுத்தத் தேன்னா அப்படித்தான்" என்கிறார். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாகி, வறுவல் இனிப்பாகவும் கருப்பாகவும் வருகிறது. பழி அடுப்பின் மேல். செல் விஷயம் தனி. இந்தக்கால ஆல்கலைன் செல் வெளியில் கிடந்தாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று சதவீதம்தான் வலு குறையும். குளிரிலிருந்து எடுத்தால் ஈரம் கோத்து முனை துருப்பிடிக்கலாம். துருவைத் துடைக்க அவரிடம் உப்புத்தாள் உண்டு. அதுவும் உள்ளேதான், கொத்தமல்லிக் கட்டுக்குக் கீழே.

கரண்ட் போனால் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யாரும் திறக்கக் கூடாது. தோசை மாவுக்கும் விலக்கு இல்லை.

"கத்திரிக்காய் வைக்க இடமில்லாம தரையில கெடந்து வாடுதே, கண்ணுக்குத் தெரியலையா?" என்பார் மனைவி.

"அது நாளைக்கு வெந்துபோற காய்தானேம்மா. செல்லுக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆயுசு இருக்கு."