ஈசானம் எழும்பினால் ஆபத்து

(கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டைப் பிரித்துப் போட்ட மனை. சித்தப்பா வீடு கட்டப் போகிறார். அண்ணன் மகள் செல்வி சிவில் இன்ஜினியர். ஆகவே யாரும் அவளிடம் யோசனை கேட்கவில்லை. அவளாகத்தான் வந்திருக்கிறாள்.)

சித்தப்பா: வா தாயி. வாஸ்து பாத்தாச்சு. மனையடி பாத்தாச்சு. தேங்காயை உள்ளங்கையில வச்சு நடந்து போர் போட இடமும் பாத்தாச்சு. புதன்கிழமை வானம் தோண்டணும்.

செல்வி: மண்ணைப் பாத்தாச்சா?

சித்தப்பா: பாக்காமலா! பருத்தியும் உளுந்தும் பொங்கி விளைஞ்ச பூமி.

செல்வி: அதுதான் பயமே. கரிசல் தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். சித்திரையில வெடிப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

சித்தப்பா: தெரியாம என்ன? சின்ன வயசுல அதுக்குள்ள விழுந்த பம்பரம் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

செல்வி: அந்த மண்ணு மேலதான் மாடி வீடு கட்டப் போறீங்க.

சித்தப்பா: நாலடி தோண்டி, கிராவல் அடிச்சு, கல் கட்டு கட்டிட்டா அசையாதுன்னு கொத்தனார் சொல்லுதாரே.

செல்வி: அவர் கட்டின வீட்டுல விரிசலே இல்லையா?

சித்தப்பா: விரிசல் இல்லாத வீடு ஏது? ஜன்னல் மூலையில ஆரம்பிச்சுச் சாய்வா ஓடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடைச்சு வெள்ளையடிச்சுக்கிட வேண்டியதுதான்.

செல்வி: மண் டெஸ்ட் எடுத்துருவோம் சித்தப்பா. நீங்க போடப் போற முன் கேட்டுக்கு ஆகுறதுல ஒரு பங்குதான் செலவு.

சித்தப்பா: கேட்டைப் போறவன் வர்றவன்லாம் பாப்பான். மண்ணுக்குள்ள போடுற காசை எவன் பாப்பான்?

(தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் அஸ்திவாரத்தை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது.)

செல்வி: உங்க மனையில அஞ்சடி ஆழத்து மண்ணை எடுத்து, காயவச்சு, பொடிச்சு, சலிச்சு, ரெண்டு அளவுக் குழாயில 10 கிராம் வீதம் போட்டேன். ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல தண்ணி. ஒரு நாள் முழுக்க விட்டேன். மண்ணெண்ணெயில மண்ணு ஊதாது. 10 மில்லியிலேயே நின்னுச்சு. தண்ணியில 22க்கு ஏறிருச்சு. கணக்குப்படி ஊதல் 120 சதவீதம். 50க்குள்ள இருந்தா நிம்மதி, 100ஐத் தாண்டினா ஆபத்து.

சித்தப்பா: அப்ப மண்ணெண்ணெய் ஊத்திக் கட்டிருவோமா?

(முகத்தைப் பார்த்தால் கேலி மாதிரி தெரியவில்லை.)

செல்வி: இந்த மண்ணுக்குன்னே ருர்க்கியில மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அண்டர் ரீம்டு பைல்னு மண்ணுக்குள்ள இறக்குற தூணை உருவாக்கி வச்சிருக்கு. ஆழமான கரிசல்னா குறைஞ்சது 3.5 மீட்டர் இறங்கணும். அடியில தண்டைப் போல 2.5 மடங்கு அகலத்துல ஒரு குமிழ் இருக்கும். மேல மண்ணு எழும்பினாலும் குமிழ் கீழே பிடிச்சுக்கும். ஆனா உங்களுக்குப் பைல்தான் வேணுமா, இல்ல கெட்டியான சுக்கான் பாறை மேலேயே தட்டுதான்னு துளை போட்டாத்தான் தெரியும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்துல இருந்து விழவிட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுதுன்னு எண்ணுவாங்க.

சித்தப்பா: எண்ணுறதுக்குக் காசா? எங்கிட்டச் சொன்னா நானே எண்ணிருவேனே.

செல்வி: சரி, விடுங்க. தண்ணித் தொட்டி எங்க வருது?

சித்தப்பா: ஈசான மூலையில. வேற எங்க வைக்க?

செல்வி: தொட்டி என்னைக்காவது கசியும். அந்த மூலை மண்ணு மட்டும் குடிச்சு ஊதும். கன்னி மூலை காஞ்சு சுருங்கிக் கிடக்கும். வீட்டுல ஈசானம் எழும்பிரும், கன்னி மூலை தாழ்ந்துரும்.

சித்தப்பா: (துள்ளி எழுந்து) ஐயையோ! கன்னி மூலைல்லா உசந்திருக்கணும்! ஈசானம் உசந்தா வம்சத்துக்கே ஆகாதே!

செல்வி: மண்ணு வாஸ்து படிக்கல சித்தப்பா.

சித்தப்பா: இதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? சுவர் வெடிக்கும், தரை தூக்கும்னு சில்லறை விஷயமாப் பேசிக்கிட்டிருக்க! துளை போடுறவனை உடனே வரச் சொல்லு.

(புதன்கிழமை வானம் தோண்டுவது தள்ளிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை துளை போடுகிறார்கள். காலை பத்தரைக்குள் முதல் அடி விழுந்துவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் நிபந்தனை. அதற்குமேல் ராகு காலம்.)