டாக்டர் நாற்காலி காலி

பிரிட்டனில் பிரதமர் ராஜினாமா செய்தால் டீயை உறிஞ்சிக்கொண்டே செய்தி கேட்கிறவர்கள் உண்டு. டாக்டர் விலகுகிறார் என்றால் அதே ஆட்கள் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஊசி போடும் டாக்டரைச் சொல்லவில்லை. 1963 நவம்பர் 23ஆம் தேதி பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானக் கதைத் தொடரின் நாயகரைச் சொல்கிறேன். நீலநிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு, முற்காலம் பிற்காலம் பார்க்காமல் அண்டசராசரமும் சுற்றி வருகிறவர். பதவியில் நிலைப்பதிலும் பிரதமர்களை விட இவர் தேவலை. ஜோடி விட்டேக்கர் என்ற ஒரே ஒரு டாக்டர் 2017 முதல் 2022 வரை இருந்த காலத்துக்குள் நாடு மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

நம் கதாநாயகர் இந்தத் தொடரின் ரசிகர். ஹூவியன் என்பது ஜாதிப் பெயர். வயது ஐம்பதுக்கு மேல். ஏதாவதொரு நகராட்சி அலுவலகத்தில் பொறுப்பான வேலை. பேருந்தில் மூதாட்டிகளுக்கு எழுந்து இடம் கொடுப்பார். வீட்டு வரியை நாள் தவறாமல் கட்டுவார். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. “அடுத்த டாக்டர் யாராம்?” என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இந்த வியாதிக்கு விதை போட்டவர்கள் தயாரிப்பாளர்களே. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு 1966இல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தொடரை மூடவும் மனமில்லை. டாக்டருக்குச் சாகும் வேளை வந்தால் உடம்பு மாறிவிடும் என்று ஒரே போடாகப் போட்டார்கள். விக்கிரமாதித்தன் கூடு விட்டுக் கூடு பாய்ந்தது போல பாட்ரிக் ட்ரௌட்டன் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஆபத்துக்குப் பாவமில்லை என்று செய்த வேலை, அறுபது ஆண்டுகளாக ஒரு கூட்டத்துக்கே பிழைப்பாகிவிட்டது. ஒருவர் போனால் இன்னொருவர் வந்தே தீரவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று தெரியாத இடைவெளியில்தான் நம்மவர் முழுமையாக உயிர் வாழ்கிறார்.

அந்த நாட்களில் அவர் பத்திரிகை படிக்கும் முறையே வேறு. ஒரு நடிகர் தலைமுடியை வெட்டிக்கொண்டார் என்றால் அது செய்தி. வெட்டாமல் வளர்க்கிறார் என்றால் பெரிய செய்தி. நாடகக் கொட்டகை ஒன்றோடு செய்த ஒப்பந்தம் சரியாக மே மாதம் முடிகிறது, படப்பிடிப்பு நடக்கும் கார்டிஃப் நகரில் ஒருவர் ரயிலிலிருந்து இறங்கினார், இன்னொருவர் பேட்டியில் ‘காலம்’ என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார் என்று எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். இதைப் பற்றி ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“நீங்கள் சொன்ன அந்த நடிகர், தான் இல்லை என்று மறுத்துவிட்டாராமே?”

“மறுக்காமல்? வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்களே. இப்போதுதான் எனக்கு உறுதியாகிறது.”

“போன வாரம் சொன்ன நடிகை மறுக்கவே இல்லையே?”

“அதைத்தானே நானும் சொல்கிறேன், மறுக்கக்கூட இல்லை பாருங்கள்!”

இப்படிப்பட்டவரிடம் எந்த வக்கீலும் தோற்றுப்போவார்.

இவருக்குத் தோள் கொடுப்பவை பந்தயக் கடைகள். அடுத்த டாக்டர் யார் என்று அங்கே காசு கட்டலாம். பெரிய தொகையை ஏற்கமாட்டார்கள். ஆகவே நாலு ரசிகர்கள் பத்துப் பத்து பவுன் கட்டினாலே ஒரு பெயரின் விலை ஆட்டம் காணும். ஆட்டம் கண்டதைப் பார்த்துப் பத்திரிகை எழுதும். பத்திரிகையைப் பார்த்து, தான் கட்டிய பத்து பவுன் வீண்போகவில்லை என்று நம்மவர் இன்னும் பத்து கட்டுவார். 2008 கடைசியில் பேட்டர்சன் ஜோசஃப் என்ற நல்ல நடிகரின் பெயர் அப்படி உச்சத்தில் நின்றது. 2009 ஜனவரி 3ஆம் தேதி மேடையேறியவரோ மாட் ஸ்மித் என்ற 26 வயதுப் பையன். 2017இல் கிரிஸ் மார்ஷல்தான் என்று அடித்துச் சொன்னார்கள். விம்பிள்டன் ஆண்கள் இறுதியாட்டம் முடிந்த கையோடு ஒரு காட்சி ஓடியது. முக்காடு விலகியது. ஜோடி விட்டேக்கர் நின்றார். பந்தயக்காரர்கள் நிலவரத்தைச் சரியாக மோப்பம் பிடித்ததும் உண்டு. 2013இல் பீட்டர் கப்பால்டி மேல் பணம் கட்டுவதைக் கடைகள் நிறுத்திவைத்தன, ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர் பெயரே வந்தது. அந்த ஒரு வெற்றியை நம்மவர் இன்னும் பத்து ஆண்டு வைத்துச் சாப்பிடுவார்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நம்மவர் ஒருபோதும் தோற்றதில்லை. யார் வந்தாலும், “இவர் பெயரை நான் முதலிலேயே சொன்னேன், நீங்கள்தான் கவனிக்கவில்லை” என்பார். சொல்லியும் இருப்பார். நாட்டில் நடிகர் சங்க உறுப்பினராக இருக்கிற எல்லோர் பெயரையும் ஏதாவது ஒரு வியாழக்கிழமை சொல்லியிருப்பாரே. லண்டன் ஃபிட்ஸ்ராய் டேவர்ன் மதுக்கடையில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இந்த ரசிகர்கள் கூடுவது பல்லாண்டு வழக்கம்.

வதந்திக்கு வெளியாட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்பதுகளில் தொடரின் தயாரிப்பாளராக இருந்த ஜான் நேதன் டர்னர், பத்திரிகைக்குத் தீனி போடுவதில் மன்னர். 1980இல் டாம் பேக்கர், கழுத்தில் மிக நீளமான கம்பளிச் சால்வை தொங்க ஏழு ஆண்டு கோலோச்சியவர், விடைபெறுகையில் அடுத்து வருவது ஆணோ பெண்ணோ வாழ்த்துகிறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தையைக் காற்றில் விட்டார். தயாரிப்பாளர் அதைத் தட்டிக் கொடுத்தார். நாடே பரபரத்தது. வந்தவர் பீட்டர் டேவிசன், மாசு மருவில்லாத ஆண். அந்தப் புரளி உண்மையாக 37 ஆண்டு பிடித்தது. நம்மவர் கணக்கில் அதுவும் பலித்த வதந்திதான், கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் ஒரு வாரம் துக்கம். பிறகு இசைக்குப் போய்விடுவார். புது டாக்டர் வந்தால் டைட்டில் இசையிலும் கை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது முக்கியமாக இந்த இடம்தான், ஏனென்றால் இங்கே நம்மவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு முழு மனது வரவில்லை.

மேசையில் இரண்டு விரலால் தட்ட ஆரம்பிப்பார். டும்டடும், டும்டடும், டும்டடும். எதிரில் இருக்கிற பியர் கோப்பையில் நுரை நடுங்கும். “இது என்ன வாத்தியம் சொல்லுங்கள்?” கித்தார் என்பீர்கள், சின்தசைசர் என்பீர்கள். அதற்காகவே காத்திருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். மெட்டு ரான் கிரெய்னர் என்ற ஆஸ்திரேலியருடையது. அதை ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷயர், கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் படித்த பெண், அப்போது வயது 26. இடம் மெய்டா வேலில் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப். கடையில் வாங்கக்கூடிய சின்தசைசர் அன்றைக்குக் கிடையாது. ஒற்றைத் தந்தியை ஒருதரம் மீட்டிப் பதிவு செய்து, அந்த நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓடவிட்டு வேண்டிய சுரங்களை எல்லாம் எடுத்தார். ஒவ்வொரு சுரத்தையும் பிளேடால் வெட்டி, அளந்து, ஒட்டி, வரிசையாக்கினார். மேல் ஸ்தாயி மெட்டுக்கு ஆய்வகத்தில் மின்கருவிகளைச் சோதிக்கும் ஆசிலேட்டர்கள். இரண்டு மூன்று நாடாக்களைத் தனித்தனி இயந்திரத்தில் மாட்டி, ஒரே நொடியில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு சுரம் தப்பு. எந்த ஒட்டில் என்று தெரியவில்லை. டீலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து அந்தத் தப்பைப் பிடித்தார்கள்.

கேட்டுவிட்டு கிரெய்னருக்குத் தான் எழுதியதா இது என்று சந்தேகமே வந்துவிட்டதாம். பெயரிலும் பணத்திலும் டீலியாவுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார். பிபிசி விதிமுறை இடம் தரவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஏது பெயர்? வொர்க்‌ஷாப்பின் பெயர் மட்டும் திரையில் ஓடியது. டீலியா 2001இல் இறந்தார். 2013இல் வந்த ஐம்பதாம் ஆண்டு சிறப்பு அத்தியாயத்தில்தான் அவர் பெயர் திரையில் எழுந்தது. அதுவரை அந்தப் பெயரைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்திருந்தவர்களில் இந்த மேசைத் தாளக்காரர்களும் உண்டு.

இந்தப் பக்தி முற்றினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். 1980இல் பீட்டர் ஹோவெல் சின்தசைசரில் புதிதாக வாசித்தார். நம்மவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். “நாசம் பண்ணிவிட்டார்கள்” என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். 1986இல் டொமினிக் கிளின் மாற்றியபோது, ஹோவெலின் கம்பீரம் போயிற்றே என்று அழுதார். கிளின் ஒரே ஒரு பருவத்தோடு சரி. 1987இல் கெஃப் மெக்கல்லக் வந்ததும் கிளினின் அருமை தெரிந்தது. 2005இல் மர்ரே கோல்ட் ஆர்க்கெஸ்ட்ரா ஒலியோடு புகுந்தார். “இதென்ன கல்யாண பேண்டா?” என்று கேட்டவர், 2018இல் செகுன் அகினோலா வந்ததும் கோல்ட் இல்லாமல் இது ஒரு தொடரா என்றார். 2023இல் கோல்ட் திரும்பி வந்துவிட்டார். இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? அகினோலாவை அவசரப்பட்டு அனுப்பிவிட்டார்கள் என்கிறார். டாக்டர்கள் விஷயத்திலும் அச்சாக இதே நடைமுறை. பதவியில் இருப்பவர் மகா மட்டம், போனவர் தேவலை, அதற்கு முன் போனவர் தெய்வம்.

மெட்டின் நடுவில் மிடில் எய்ட் என்று ஒரு பகுதி வரும். அதுவரை மிரட்டிக்கொண்டிருந்த இசை அங்கே சற்று முகம் மலரும். அது கடைசிப் பெயர்ப் பட்டியலில் வருகிறதா இல்லையா என்பதை வைத்து நம்மவர் ஒரு தயாரிப்பாளரின் குணத்தை எடைபோடுகிறார். வந்தாலும் நிம்மதி கிடையாது. அந்த நேரம் பார்த்து பிபிசி அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார். 2010 ஏப்ரலில் ஓர் அத்தியாயத்தின் உச்சகட்டத்தில், டாக்டர் உயிரைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசும்போது, திரையின் அடியில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் கிரஹாம் நார்ட்டனின் கார்ட்டூன் உருவம் வந்து குதித்தது. புகார்கள் 5,000க்கு மேல். நம்மவருடைய புகார் எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை. 2005இலும், நின்றுபோன தொடர் மீண்டும் வரும் என்று பதினாறு ஆண்டு காத்திருந்து பார்த்த முதல் அத்தியாயத்தில், இதே நார்ட்டனின் குரல் வேறு ஸ்டூடியோவிலிருந்து ஒழுகி உள்ளே வந்திருந்தது. ஆகையால் நம்மவர் முன்னால் அந்தப் பெயரை எடுக்காதீர்கள்.

நான் இந்தியன் என்று தெரிந்தால் போதும், எல்லா ஹூவியனும் ஒரே செய்தியைப் பரிசாகத் தருவார்கள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர், “உங்க ஊர்க்காரர்!” நானோ மதுரை. மதுரைக்கும் லக்னோவுக்கும் உள்ள தூரம் லண்டனுக்கும் ரோமுக்கும் உள்ளதை விட அதிகம். இருந்தாலும் பெருமையாகத் தலையாட்டி வைப்பேன்.

2025 மே 31ஆம் தேதி நம்மவருக்கு யோகம் அடித்தது. ஷூட்டி கட்வா என்ற டாக்டர் ஒளியாய் வெடித்து உடம்பு மாறினார். மாறி நின்றவர் பில்லி பைப்பர், 2005இல் டாக்டரோடு ஊர் சுற்றிய ரோஸாக நடித்தவர். பெயர்ப் பட்டியலில் ‘பில்லி பைப்பரை அறிமுகப்படுத்துகிறோம்’ என்று மட்டும் இருந்தது. டாக்டராக என்று போடவில்லை. தொலைக்காட்சிப் படத்தை அப்படியே நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாராம் நம்மவர். டாக்டர்தானா? ரோஸா? மூன்றாவது ஆளா? அதற்குள் அக்டோபரில், தொடரில் பிபிசியோடு கூட்டுச் சேர்ந்திருந்த டிஸ்னி விலகிக்கொண்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு அத்தியாயம் என்று பிபிசி அறிவித்தது. நடுவில் ஒன்றரை ஆண்டு, வாரம் ஒரு அத்தியாயம் வந்து அவர் சொன்னதைப் பொய்யாக்கும் அபாயம் அறவே இல்லாத ஒன்றரை ஆண்டு!

போனில் மூன்று பேர் பெயரைச் சொன்னார். மூன்றும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய உறுதி. இசை யாருடையது என்று கேட்டேன், அதற்கு மட்டும் நேரில் வரவேண்டுமாம். மறுநாள் மறுபடி போன். மூவரில் ஒருவர், தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று பேட்டி கொடுத்துவிட்டாராம்.

“பத்து பவுன் கட்டிவிட்டேன்” என்றார்.