கப்பலில் விழுப்புரம் கிடையாது

ரயிலில் வாய்க்கும் அறுவைக்கு ஒரு முடிவு உண்டு. மிஞ்சிப்போனால் விழுப்புரம், அதிர்ஷ்டம் கெட்டிருந்தால் திருச்சி. "அப்ப வரட்டுங்களா சார், எங்க ஊர்ப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொள்வார். நாமும் "கட்டாயம்" என்று சொல்லிவிட்டு, அவர் போன இடத்தில் காலை நீட்டிக்கொள்வோம். கப்பலில் விழுப்புரம் கிடையாது. ஏறிய துறைமுகத்திலேயே இறங்கும்வரை, காலையில் ஆம்லெட் வரிசையில் பார்த்த அதே மனிதரை மத்தியானம் லிஃப்டிலும், சாயங்காலம் நீச்சல் குளத்தில் அரை நிஜாரிலும், ராத்திரி நாடக அரங்கில் கோட்டு சூட்டிலும் பார்த்தே தீரவேண்டும். சிரித்தும் தீரவேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். மரினா பே துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல். விளம்பரப் புத்தகத்தில் கடல் இருந்தது, அந்திச் சூரியன் இருந்தது, பால்கனியில் வெள்ளை உடையில் ஒரு தம்பதி இருந்தார்கள். கூட வரப்போகும் ஆயிரக்கணக்கான பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. பயணம் என்பதே அவர்கள்தான் என்பது என் கட்சி.

இது பழைய கட்சிதான். 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பல், ஐரோப்பாவையும் புனித பூமியையும் பார்க்க ஆளுக்கு 1250 டாலர் கட்டிய பக்திமான்களோடு கிளம்பியது. அதில் மார்க் ட்வைன் ஒரு பத்திரிகையின் காசில் தொற்றிக்கொண்டார். 1869இல் வந்த அவருடைய 'இன்னசன்ட்ஸ் அப்ராட்' புத்தகத்தில் பிரமிடுகளைவிடக் கூட வந்தவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் தப்பாகவே தெரிந்துவைத்துக்கொண்டு அடித்துப் பேசும் ஒரு பெரியவர், போகிற ஊரிலெல்லாம் தூதர்களுக்குத் தன் கவிதையைக் கொடுக்கும் ஒருவர், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் ஓர் இளைஞர். பயணத்தை ஏற்பாடு செய்த கேப்டனோடு ட்வைனுக்கு மூண்ட பகை பல வருஷம் கழித்தும் பத்திரிகைகளில் புகைந்தது. லாபமும் இருந்தது. சார்லஸ் லாங்டன் என்ற சக பயணியின் அக்கா ஒலிவியாவை 1870இல் அவர் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் கப்பலில் கல்யாணம் எதுவும் கூடவில்லை. மற்ற மூன்று வகையும் முழுசாக இருந்தது.

முதலில் குக்கர் அம்மா. பொள்ளாச்சிக்காரர், மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். துறைமுகத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே கருவிக்குள் விடுகிறார்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்சார குக்கர் என்று சூடேறும் சாமான் எது தெரிந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் இந்தக் கண்டிப்பு. அம்மாவின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு குட்டி ரைஸ் குக்கர் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, ஒரு டம்ளர் அரிசி வேகற குக்கருங்க. இதுல போயி இத்தாம் பெரிய கப்பல் எரிஞ்சு போயிருமுங்களா?"

காவலுக்கு நின்ற இளைஞர் நேபாளி. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. ஆனாலும் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் குக்கர் உள்ளே போனது, ரசீது அம்மாவின் சுருக்குப்பைக்குள் போனது. மருமகள் யாரோ எவரோ என்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குக்கர் போனதும் அம்மா சளைத்துவிடவில்லை. மறுநாள் காலைக்குள் எந்த மூலையில் கேட்டால் தயிர் கிடைக்கும், எந்தச் சமையல்காரர் மங்களூர்க்காரர், யாரிடம் சொன்னால் சாதத்தைக் குழைய வடித்துத் தருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஒரே நிறத் தொப்பி போட்ட குஜராத்திக் கூட்டம் ஒன்று வந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத ஜைனச் சாப்பாடுகூடக் கிடைக்கிறது. ஆனாலும் அவர்கள் தெப்லாவை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மாவிடம் பருப்புப் பொடி இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானமே பண்டமாற்று தொடங்கிவிட்டது.

அடுத்தவர் தங்க அட்டை சார். நங்கநல்லூர், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கம்பெனிகள் எத்தனை இரவு தங்கினோம் என்று கணக்கு வைத்து, ஏற ஏறப் பட்டமும் உயர்த்திக் கொடுக்கின்றன. அந்த அட்டையைச் சார் பூணூல் மாதிரி சட்டைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொண்டிருந்தார். சூப் ஆறியிருந்தால் "போன வருஷம் அலாஸ்கா கப்பல்ல..." என்பார். சூப் சூடாக இருந்தாலும் அதே அலாஸ்காதான். கிளம்புவதற்கு முன் ஆபத்து ஒத்திகை நடந்தது. ஏழு முறை சின்னதாகவும் ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதினால் எங்கே ஓடி நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சார் அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "2012 ஜனவரில இத்தாலி பக்கம் கோஸ்டா கன்கார்டியா பாறையில மோதி சாஞ்சுது பாருங்க, 32 பேர் போயிட்டா. அன்னிக்கு ஏறினவாளுக்கு ஒத்திகையே நடக்கலை. அதுலேருந்துதான் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒத்திகைன்னு சட்டம்." தகவல் சரிதான். முதன்முதலாகக் கப்பல் ஏறிய ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டிய தகவலா என்பதுதான் கேள்வி.

பாட்டியாவது தேவலை. அவருக்குப் பக்கத்தில் நின்ற மாத்திரை மாமா ஏற்கெனவே வெளிறிப்போயிருந்தார். காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டை, இரண்டு மணிக்கட்டிலும் வாந்தியைத் தடுக்கும் வளையம், சட்டைப்பையில் எலுமிச்சம்பழம், கன்னத்தில் இஞ்சி மரப்பா. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "லேசா ஆடறது, கவனிச்சேளா?" என்றார். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். கப்பலைக் கட்டியிருந்த கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேயா. பெரிய அலை எழும்ப இடமே இல்லை. போதாக்குறைக்கு இந்தக் காலக் கப்பல்கள் ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் இறக்கைகளை நீட்டிக்கொள்கின்றன. இதை ஒரு கப்பல் ஊழியர் விளக்கியபோது மாமாவின் முகத்தில் நிம்மதி தெரியவில்லை, ஏமாற்றம்தான் தெரிந்தது. அத்தனை ஆயுதத்துக்கும் எதிரி வரவில்லையே! கடைசியில் அவர் வாந்தி எடுக்கத்தான் எடுத்தார். புக்கெட்டில், தரையில், மலைவளைவில் போன சுற்றுலா வேனில். அன்று வளையங்களைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்தது எல்லைத் தகராறு. ஓர் ஐரோப்பியத் தம்பதி விடிவதற்கு முன்பே வந்து நாற்காலிகளில் துண்டு விரித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் உணவுக் கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் அது பத்திரப்பதிவுக்குச் சமம். அந்த ஊர் அங்கிள் ஒருவர் அதே நாற்காலிகளில் டிஷ்யூ வைத்தார். துண்டா டிஷ்யூவா என்று வழக்கு முற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு சட்டமும் அறியாத குஜராத்திப் பாட்டி இரண்டையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து ஜபமாலையை உருட்ட ஆரம்பித்தார். ஜபம் செய்பவரை எழுப்ப இரு கண்டத்தாருக்கும் தைரியம் வரவில்லை.

வினாடி வினாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் போர் நடந்தது. பரிசு என்னவோ பேனா, சாவிக்கொத்து. அதற்கு வருகிறவர்களோ உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். வருஷத்தில் பாதி நாள் கப்பலிலேயே கழிக்கும் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி எங்களைத் தங்கள் அணியில் இழுத்துப் போட்டார்கள். இந்தியர்கள் என்றால் கணக்கும் கிரிக்கெட்டும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. எங்களோடு குன்னூரைச் சேர்ந்த முன்னாள் தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவரும் இருந்தார். ஸ்னூக்கர் விளையாட்டு எந்த ஊரில் பிறந்தது என்று கேள்வி வந்தது. மேனேஜர் காகிதத்தைப் பிடுங்கி 'ஊட்டி' என்று எழுதினார். கேள்வி கேட்ட பெண் ஜபல்பூர் என்றாள்.

அவள் சொன்னது சரி. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு நெவில். ஆனால் விதிகளை ஒழுங்காக எழுதி மாட்டியது 1882இல் ஊட்டி கிளப்பில்தான். "பொறந்தா போதுமா சார்? பேர் வெச்சது, பள்ளிக்கூடத்துல சேர்த்தது எல்லாம் நாங்க" என்று மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். அன்று ராத்திரி லிஃப்டில் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள். ஏழு மாடிக்கும் ஊட்டிதான். மறுநாள் அவள் படிக்கட்டில் ஏறிப்போவதைப் பார்த்தோம். ஆஸ்திரேலியர் தன் பங்குக்கு, எங்களுக்குச் சேரவேண்டிய சாவிக்கொத்தைக் கொடுக்கச் சொல்லிக் கேப்டனுக்கே கடிதம் எழுதினார்.

பினாங்கு வருவதற்கு முந்தின ராத்திரி மேல்தளத்தில் கிள்ளான் ஆச்சியைச் சந்தித்தோம். எண்பதைத் தாண்டியவர், பேத்தி கூட்டிவந்திருந்தாள். "நான் இந்தக் கடலுக்குப் பழைய ஆளு தம்பி. ரஜூலாவுல வந்தவ" என்றார்.

ரஜூலா தெரியாதவர்களுக்கு: 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை ஓடி, நம் ஊர்க் குடும்பங்களில் பாதியை மலாயாவுக்கு ஏற்றிப்போனதும் திருப்பிக் கொண்டுவந்ததும் அதுதான். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தோணியில் போய் ஏறவேண்டும். ஆச்சி சிறுமியாக அம்மாவின் இடுப்பில் ஏறியவர். மேல்தளத்துப் பயணி என்றால் அறை கிடையாது, பாயை விரித்த இடம்தான் வீடு. "பக்கத்துப் பாய்க்காரங்க கூட ஒரு வாரம் லா. சண்டையும் அங்கதான், சம்பந்தமும் அங்கதான். எங்க அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்ததே மூணாவது பாய்லதான்." இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகமுடியாது. பினாங்கில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று நோய்த்தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும்.

இப்போதைய கப்பலில் அறை துடைக்கும் பையன் தினமும் துண்டை மடித்து யானை, குரங்கு என்று கட்டிலில் செய்துவைக்கிறான். என் மனைவி அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நெசமான ஆடே கூட வந்துச்சு. இப்ப துண்டுல செஞ்சு காட்டுறான், அதுக்குக் காசு வேற" என்றார்.

ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தும் முடிந்துபோனது. இதை ஆச்சி சொன்னபோது குக்கர் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். சுருக்குப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த நேபாளிப் பையனைக் கண்டால் "சாப்டீங்களா தம்பி?" என்றுதான் கேட்டார், குக்கரைப் பற்றிப் பேச்சில்லை.

பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். ஆச்சி முன்னே போக, நாங்கள் ஒரு கூட்டமாகப் பின்னே போனோம். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். குக்கர் அம்மா ரசத்தை மூன்று முறை வாங்கினார். தங்க அட்டை சார் இலையைப் பார்த்தபடி, "அலாஸ்காவுல..." என்று தொடங்கினார். ஆச்சி அவர் இலையில் இன்னொரு கரண்டி சாதத்தைத் தள்ளச் சொன்னார். அந்த வாக்கியம் முடியவில்லை.

பேச்சுத்துணை இல்லாமல் கடலில் போவதற்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில்தான் ஏ. கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. 1940இல் படமும் வந்துவிட்டது. அந்தக் கப்பலில் எங்கள் தேயிலை மேனேஜர் இருந்திருந்தால் ஸ்னூக்கரைப் பற்றித்தான் படம் வந்திருக்கும்.

இத்தனை பேருக்கும் நாங்கள் பட்டப்பெயர் வைத்தோம் என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா? நான் அவ்வப்போது சின்ன நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார்கள். கடைசி நாள் சாப்பாட்டுக் கூடத்தில் நுழையும்போது பொள்ளாச்சிக் குரல் ஒன்று காதில் விழுந்தது: "நோட்டு அண்ணன் வர்றாருங்க, பார்த்துப் பேசுங்க."

இறங்கும் நாளில், பறிமுதல் செய்த சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இஸ்திரிப் பெட்டி வாங்க வந்தவர்களில் தங்க அட்டை சாரும் இருந்தார். அத்தனை கப்பல் ஏறியவருக்கு இது தெரியாதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. இப்போது எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் காலையில் மாத்திரை மாமா சூரியோதயப் படம் போடுகிறார்; சார் அடுத்த கப்பலின் தள்ளுபடி விவரம் போடுகிறார்; மேனேஜர் ஊட்டி கிளப்பின் படம் போடுகிறார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்கனி அறைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அங்கே கடல்தான் வரும், ஆள் வரமாட்டார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு, தூங்க மட்டும் அது போதும். மீதி நேரத்துக்குச் சாப்பாட்டுக் கூடத்தில், தயிர் கிடைக்கும் மூலைக்குப் பக்கத்து மேசையைப் பிடித்து உட்காருங்கள். பருப்புப் பொடி கொஞ்சம் அதிகமாகவே எடுத்துப் போங்கள், நோட்டை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.