ஐஸ் ஹாக்கி மேனேஜர் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகில் ஓர் அணிக்கு ஜெனரல் மேனேஜர் ஆகியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். லீகில் 32 அணிகள், கோப்பை ஒன்று. வருடாவருடம் 31 பேர் ஏன் தோற்றோம் என்று விளக்கம் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கத்தைத் தயாரிப்பதுதான் உங்கள் வேலை. வீரர்களை வாங்குவதும் விற்பதும் அதற்கான தளவாடங்கள்.

குளிர்காலம் முடியும் நேரத்தில், டிரேடுக்கான கெடு நெருங்கும்போது, எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இருக்கிற அணியோடு முட்டி மோதி பிளே ஆஃப் போகலாமா, நல்ல ஆட்டக்காரர்களை விற்று டிராஃப்ட் வாய்ப்புகளாக, அதாவது புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளாக, சேர்த்துக்கொண்டு அடியிலிருந்து கட்டலாமா? யோசிக்கவே வேண்டாம். மறுகட்டுமானம் என்று அறிவித்துவிடுங்கள். நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2018 பிப்ரவரியில் ரசிகர்களுக்குக் கடிதமே எழுதியது: பழகிய முகங்கள் சில போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில். அருமையான உத்தி. வெல்வோம் என்று சொன்னவனிடம் ஏப்ரலிலேயே கணக்குக் கேட்பார்கள். கட்டுகிறோம் என்று சொன்னவனுக்கு ஐந்து வருடம் கிடைக்கும். பொறுத்தார் பூமியாள்வார், டிக்கெட் விலை மட்டும் குறையாது.

அடுத்து, தோற்கும் கலை. மோசமாக ஆடிய அணிகளுக்கே டிராஃப்டில் முன்வரிசை என்பதால் இது முக்கியம். வீரர்களிடம் தோற்கச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார்கள். அவர்கள் சம்பளத்துக்காக மட்டும் ஆடுகிறவர்கள் இல்லை. வெல்ல முடியாத அணியை அவர்களுக்குக் கொடுங்கள், போதும். இதில் பஃபலோ சேபர்ஸ்தான் பாடநூல். 2014-15 சீசனில் கானர் மெக்டேவிட் என்ற பையனுக்காக லீகே காத்திருந்தது. கோல் காத்த இருவரையும் பஃபலோ ஒரு மாதத்துக்குள் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டது. கடைசி இடத்துக்குப் போட்டியாளரான அரிசோனா மார்ச் மாதம் பஃபலோவுக்கே வந்து கூடுதல் நேரத்தில் கோல் அடித்தபோது, உள்ளூர் ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். சொந்த அணி தோற்றதற்கு!

கடைசி இடம் கிடைத்தது. மெக்டேவிட் கிடைக்கவில்லை. இப்படி யாரும் அடியில் போய் உட்காரக் கூடாது என்றுதான் முதல் தேர்வுக்கு லீக் குலுக்கல் வைத்திருக்கிறது. அன்று கடைசி அணிக்கு இருந்த வாய்ப்பு 20 சதவீதம். 11.5 சதவீதம் வைத்திருந்த எட்மன்டன் பரிசை அள்ளிக்கொண்டு போனது. அந்த அணி 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று முதல் தேர்வுகளை வாங்கியும், பத்து சீசன் பிளே ஆஃப் வாசலை மிதிக்காமல் இருந்தது. ஆக, குலுக்கல் கைவிட்டால் விளக்கம் உண்டு, கைகொடுத்தாலும் விளக்கம் உண்டு. இதைவிடப் பாதுகாப்பான தொழில் ஏது?

போட்டியில் நீடிப்போம் என்று அடம்பிடிக்கிற மேனேஜர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் 2019 ஜனவரி 3 அன்று மொத்த லீகில் கடைசி. மரியாதையாக விற்பனையை ஆரம்பித்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஜூனில் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டார்கள், அதுவும் அரை நூற்றாண்டு வரலாற்றில் முதல் தடவையாக. இப்படிப்பட்டவர்களால்தான் நம் பிழைப்பு கெடுகிறது.

அவசரப்பட்டு வாங்குவதும் ஆபத்துதான். டொரன்டோ 2009இல் பில் கெசலை வாங்க, அடுத்த இரண்டு வருடங்களின் முதல் சுற்று வாய்ப்புகளையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. கெசல் கோல் அடித்தார், அணி தோற்றது. கொடுத்த வாய்ப்புகளில் ஒன்று டிராஃப்டில் இரண்டாம் இடமாகிப் பாஸ்டனுக்கு டைலர் செகினைத் தந்தது. மறுகட்டுமானம் செய்யாமலே மறுகட்டுமானத்தின் வேதனையை அனுபவிப்பதற்கு இதுவே வழி.

கடைசியாக, விற்கும்போது பதிலுக்கு வாங்கும் அணியின் டிராஃப்ட் வாய்ப்பைக் கேட்பீர்கள். அந்த அணி மோசமாக ஆடினால்தான் அது நல்ல வாய்ப்பு. ஆனால் நீங்கள்தான் அவர்களுக்கு நல்ல வீரரைக் கொடுத்திருக்கிறீர்கள். பஃபலோ 2018 கோடையில் ரயன் ஓ'ரைலியை அதே செயின்ட் லூயிஸுக்கு விற்றது. கோப்பை வென்ற அந்த பிளே ஆஃபின் சிறந்த வீரர் அவர்தான். பதிலுக்கு வந்த முதல் சுற்று வாய்ப்பு 31ஆம் இடம், அதாவது சுற்றின் கடைசி. (கூட வந்த டேஜ் தாம்சன் பின்னாளில் ஒரே சீசனில் 47 கோல் அடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மெக்டேவிட்டுக்காகத் தோற்று, அவருக்குப் பதிலாகப் பெற்ற ஜாக் ஐகலையும் 2021இல் வேகாஸுக்குக் கொடுத்தார்கள். 2023இல் வேகாஸுக்குக் கோப்பை. பஃபலோ 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளே ஆஃப் பார்க்கவில்லை; அது லீக் சாதனை.

எனவே, விற்ற வீரர் வேறு சட்டையில் கோப்பை தூக்கும் இரவில் நிருபர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள். அந்தப் பையனின் திறமையை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று ஆரம்பியுங்கள்.