கரிசல் காட்டுக்குக் கம்பியில்லா உத்தரவு

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் உளுந்துப் புஞ்சைகளில் மண் ஈரம் அளக்கும் கருவிகளை ஊன்றினால், மென்பொருளைப் புதுப்பிக்க லேப்டாப்போடு காடு காடாக அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஐப்பசி மழையில் ஊறிய கரிசல், செருப்பையே திருப்பித் தராது.

லோராவான் என்ற கம்பியில்லா வலையில், இருந்த இடத்திலிருந்தே மென்பொருளைப் புதுப்பிப்பதற்கான விதிமுறைகள் 2018-இல் வந்துவிட்டன. இந்தியாவில் அந்த வலை ஓடுவது உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பேட்டரிக் கருவி பெரும்பாலும் தூங்கும். தகவல் அனுப்பிய சில நொடிக்குள் சிறிது நேரம் மட்டும் காது கொடுக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப, சர்வர் முதலில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகக் குழு முகவரி, ரகசியச் சாவி, விழித்திருக்க வேண்டிய நேரம் மூன்றையும் சொல்லிவிடும். கடிகாரங்களையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். சித்திரை வெயிலில் அவையும் தடுமாறும்.

குறித்த நேரத்தில் மென்பொருள் துண்டு துண்டாகக் கிளம்பும். துண்டுக்கு 50 பைட் என்றால், ஒரு லட்சம் பைட்டுக்கு 2000 துண்டு. எல்லாக் கருவியும் “வந்தது, வந்தது” என்று பதில் கூவினால் பஞ்சாயத்து முடியாது. அதனால் கணக்கிட்டுச் செய்த உபரித் துண்டுகளும் சேர்ந்தே வரும். விட்டுப்போனதைக் கருவி அவற்றிலிருந்து தானே மீட்டுக்கொள்ளும். பிறகு டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்து, மறுதொடக்கம். பழைய பதிப்பையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. இல்லையேல், புதியது படுத்துவிட்டால் சேற்றில் இறங்கத்தான் வேண்டும்.

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில் உணரியின் முனை வெடிப்புக்குள் தொங்கினால், அது அளப்பது காற்றை. அந்தக் கோளாறுக்கு அப்டேட் கிடையாது, மண்வெட்டிதான்.